பட்டறைக்கும் வெளியில் போகவும் ஒரே வாட்ச்: எதை எடுப்பது?

பட்டறையில் வேலை செய்பவர் கையில் இருக்கும் வாட்ச், உள்ளே இருக்கும் இயந்திரம் கெட்டு நிற்பது குறைவு. வைஸ் கைப்பிடியில் இடித்துக் கண்ணாடி போகும். ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பார் விட்டுப்போகும். சாவி (நேரம் திருத்தத் திருகும் பக்கவாட்டுக் குமிழ்) ஓரமாகத் தண்ணீர் ஏறி டயலில் ஆவி படியும். தின்னர் பட்ட ஸ்ட்ராப் ஒருநாள் துளையோரத்தில் வெடிக்கும். கடை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம் இயந்திரத்தின் பெருமை. வாங்குபவர் பார்க்க வேண்டியதோ விளிம்பு, கண்ணாடி, சாவி, ஸ்ட்ராப் ஆகிய நான்கையும்தான்.

தேர்வு பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும்: ரெசின் (ஒருவகைப் பிளாஸ்டிக்) உடல் கொண்ட டிஜிட்டல், ஸ்டீல் உடலில் சோலார் முள் வாட்ச், சாதாரண பேட்டரி முள் வாட்ச், கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக். முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே ஒரு வாட்ச்தான் வாங்க முடியும், அதைக் கட்டிக்கொண்டே சுத்தியல் பிடிக்க வேண்டும் என்றால் ரெசின் டிஜிட்டல். பட்டறையில் கனத்த அடி இல்லை, மாலையில் சட்டை மாற்றிக்கொண்டு நாலு பேர் நடுவில் போக வேண்டும் என்றால் சோலார் முள் வாட்ச். ஆட்டோமேட்டிக் மீது ஆசை இருந்தால் தாராளமாக வாங்கலாம், பட்டறைக் கதவுக்கு வெளியே கட்டிக்கொள்ள.

ஸ்மார்ட் வாட்சை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. கிரீஸ் படிந்த விரலுக்கும் கையுறைக்கும் தொடுதிரை சரியாக மசியாது, அடிக்கடி சார்ஜும் கேட்கும். பட்டறைக்கு அது உதவாது.

கழற்ற வேண்டிய இடங்கள்

எந்த வாட்சானாலும் சில வேலைகளின்போது அது கையில் இருக்கக் கூடாது. லேத், டிரில்லிங் மெஷின், மில்லிங் மெஷின், பெல்ட் ஓடும் புல்லி என்று சுற்றுகிற எதன் பக்கத்திலும் வாட்ச், மோதிரம், காப்பு, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடும் லேத் சக், நொடிக்கு 16 முறைக்கு மேல் சுற்றுகிறது. ஸ்ட்ராப் நுனி சிக்கியதை உணர்ந்து கையை இழுக்கக் கால் நொடி ஆனாலும் அதற்குள் நான்கு சுற்று முடிந்துவிடும். இழுத்தால் அறுந்துவிடும் ஸ்ட்ராப்தானே என்ற நம்பிக்கை வேண்டாம். அறுவதற்கு முன்பே கை உள்ளே போயிருக்கும்.

வாட்சுக்கு அடியில் ஒரே நீளமாக ஓடும் நைலான் பட்டை (நேட்டோ பட்டை என்பார்கள்) இந்த விஷயத்தில் இன்னும் மோசம். ஒரு பக்க ஸ்பிரிங் பார் விட்டாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் அதன் சிறப்பு. ஆற்றில் இறங்குபவருக்கு அது நல்ல குணம். சுழலும் தண்டின் பக்கத்தில் நிற்பவருக்கு அதே குணம் எமன்.

இரண்டாவது, மின்சாரம். 12 வோல்ட் கார் பேட்டரியைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். அந்தப் பேட்டரியால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ள முடியும். பாசிட்டிவ் முனையின் நட்டைத் திருகும் ஸ்பேனர், கையில் உள்ள ஸ்டீல் செயினைத் தொட்டு, செயின் வண்டியின் உடலைத் தொட்டால் சுற்று முடிந்தது. செயின் நொடிகளில் பழுக்கக் காய்ந்து மணிக்கட்டைச் சுற்றி வளையமாகச் சுட்டுவிடும். பேட்டரி, மோட்டார் வயரிங், பேனல் வேலை செய்பவர்கள் ஸ்டீல் செயினை மட்டுமல்ல, ஸ்டீல் உடலையும் தவிர்ப்பது நல்லது. மின்னோட்டம் உள்ள கம்பிகளுக்கு அருகில் எதையும் கட்டாதிருப்பது அதைவிட நல்லது.

இதிலிருந்து முதல் தகுதி கிடைக்கிறது. பட்டறை வாட்ச் சட்டென்று கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். நாளுக்கு ஏழெட்டு முறை கழற்ற வேண்டியவருக்கு இறுக்கமான பக்கிள் இருந்தால், மூன்றாம் நாளில் கழற்றுவதையே விட்டுவிடுவார். மெஷினுக்கு அருகில் சுவரில் ஓர் ஆணி அடித்து, ஸ்ட்ராப்பை வளையமாகப் பூட்டி அதில் மாட்டுங்கள். காந்தத் தட்டில் வைக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

ரெசின் டிஜிட்டல்

கேசியோவின் எஃப்-91டபிள்யூ 1989-இல் வந்தது. 21 கிராம்தான் எடை, 8.5 மி.மீ. தடிமன், ஒரு சிஆர்2016 செல்லில் சுமார் 7 ஆண்டு ஓடும் என்பது கம்பெனிக் கணக்கு. எடை குறைவு என்பதே இதன் கவசம். கீழே விழும்போது உடைப்பது வாட்சின் சொந்த எடைதான். 21 கிராம் விழுந்தால் தரையும் பெரிதாகத் திருப்பி அடிக்காது. ஆனால் இதன் முகம் பிளாஸ்டிக், சீக்கிரம் கீறும். நீர்புகாமைக்கு மீட்டர் அளவு எதுவும் போடப்படவில்லை. வியர்வை, தெறிக்கும் நீர் வரை தாங்கும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கூலன்ட் தொட்டியில் கைவிடுபவருக்கு இது போதாது. மரவேலை, தையல், எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் மாதிரி அடி குறைந்த வேலைக்கு அருமையான துணை.

அடி அதிகம் என்றால் ஜி-ஷாக். கிகுவோ இபே என்ற கேசியோ பொறியாளர் வைத்த இலக்கு: 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக் கூடாது, 10 பார் நீரழுத்தம் தாங்க வேண்டும், பேட்டரி 10 ஆண்டு வர வேண்டும். பல மாதிரிகள் உடைந்த பிறகு கிடைத்த விடை எளிமையானது. இயந்திரத்தை உடலோடு இறுக்கிப் பொருத்தாமல், ரப்பர் முனைகள் சிலவற்றில் மட்டும் தாங்கவிட்டுச் சுற்றிலும் இடைவெளி வைத்தார். வெளிக்கூட்டில் விழும் அடி உள்ளே போய்ச் சேரும் வழி குறைந்தது. 1983-இல் வந்த டிடபிள்யூ-5000சி அதன் முதல் வடிவம். இன்றைய சதுர மாடல்கள் அதன் வாரிசுகள்.

சதுர மாடலில் டிடபிள்யூ-5600இ எளியது: 200 மீட்டர் நீர்புகாமை, ஏறக்குறைய 50 கிராம் எடை, மினரல் கண்ணாடி, மாதத்துக்கு 15 நொடி வரை முன்பின். பேட்டரி சுமார் 2 ஆண்டு. அதே உருவத்தில் ஜிடபிள்யூ-எம்5610 சோலாரில் ஓடும், ரேடியோ அலையைப் பிடித்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். அந்த ரேடியோ நிலையங்கள் ஜப்பான், சீனா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில்தான் இருக்கின்றன. அலை எட்டாத ஊரில் இருப்பவர் இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். சோலாருக்காகத் தரலாம். ஏனென்றால் பின்மூடியைத் திறக்காத ஒவ்வொரு வருடமும் ரப்பர் வளையம் அசையாமல் இருக்கிறது.

சதுர மாடலை நாங்கள் முன்னால் வைப்பதற்குக் காரணம் விளிம்பு. கண்ணாடி, சுற்றியுள்ள ரெசினைவிடத் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. இதை எந்த வாட்சிலும் சோதித்துப் பார்க்கலாம். மேசையில் ஒரு தாளை விரித்து, அதன் மேல் வாட்சை முகம் குப்புற வைத்து, லேசாக அழுத்திக்கொண்டு தாளை இழுங்கள். விளிம்பு மட்டும் தாளைத் தொட்டால், உரசல் ஓரத்தில்தான் தெரியும். நடுவில் இடைவெளி இருப்பதைப் பக்கவாட்டில் வெளிச்சம் காட்டிப் பார்க்கலாம். கண்ணாடியே தாளில் உட்கார்ந்தால், அந்த வாட்சின் கண்ணாடி பட்டறையில் முதல் மாதமே கோடு வாங்கும். மேடாகக் குவிந்த கண்ணாடி பார்க்க அழகு. ஆனால் எங்கே இடித்தாலும் முதலில் படுவது அதுதான்.

ரெசினுக்குப் பகை கரைப்பான்கள். பெட்ரோல், தின்னர், அசிட்டோன், பிரேக் கிளீனர் பட்டதும் எதுவும் தெரியாது. ஆனால் கடினமாகி, சில மாதத்தில் பக்கிள் துளையைச் சுற்றி மெல்லிய விரிசல் வரும். பட்ட உடனே சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். பழைய ரெசின் கரைப்பான் படாமலேகூட ஈரத்திலும் வெப்பத்திலும் வருடங்கள் போகப் போக நொறுங்கும். அதனால் வெளிக்கூடும் ஸ்ட்ராப்பும் தனியாகக் கிடைக்கும் மாடலை எடுப்பது புத்திசாலித்தனம். கூட்டை மாற்றினால் பத்து வருடப் பழைய வாட்ச் புதிதாகிவிடும்.

ஒரு குறை உண்டு. டிஜிட்டல் திரையைச் சாய்ந்த கோணத்தில் படிப்பது கடினம், இருட்டில் பொத்தானை அமுக்கினால்தான் தெரியும். இரண்டு கையிலும் சாமான் பிடித்திருக்கும்போது முள் வாட்ச் ஒரு பார்வையில் சொல்லிவிடும். ஆனால் எபாக்ஸி காயும் நேரம், பெயின்ட் கோட்டுக்கு இடைப்பட்ட நேரம் என்று எண்ண வேண்டியவருக்கு டிஜிட்டலின் இறங்கு கடிகாரம் கைகொடுக்கும்.

சோலார் முள் வாட்ச்

சிட்டிசன் எகோ-டிரைவ், சீக்கோ சோலார் வகைகளில் டயலே வெளிச்சத்தை உள்ளே விடுகிறது, அடியில் சோலார் தகடு இருக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஆன சிட்டிசன் பிஎன்0150 டைவர் (நீரில் மூழ்குபவருக்கான) மாடல் இருட்டில் சுமார் 6 மாதம் ஓடும். 200 மீட்டர் நீர்புகாமை, திருகி மூடும் சாவி, மினரல் கண்ணாடி, ரப்பர் போன்ற ஸ்ட்ராப். சாவி 3 மணியில் இல்லாமல் 4 மணியில் இருக்கிறது. இதன் அருமை ஸ்பேனரை முழு பலத்தோடு தள்ளும்போது தெரியும். 3 மணியில் சாவி இருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும் ஒவ்வொரு முறையும் அது புறங்கையில் குத்தும், சாவித் தண்டும் பக்கவாட்டில் அழுத்தம் வாங்கும்.

'பேட்டரியே இல்லை' என்று சிலர் சொல்லி விற்பார்கள். உள்ளே மறுபடி மறுபடி சார்ஜ் ஏறும் ஒரு செல் இருக்கிறது. பல வருடம் கழித்து அது சோர்ந்தால் அதே வகை செல்லைத்தான் போட வேண்டும். உருவம் பொருந்துகிறதென்று சாதாரண சில்வர் ஆக்சைடு செல்லைப் போட்டால், சார்ஜ் ஏறக் கூடாத செல்லுக்குள் சார்ஜ் ஏறி, கசிந்து, உள்ளே பச்சை படிந்துவிடும். இந்தத் தவறால் செத்துப்போன நல்ல வாட்சுகள் ஏராளம்.

முழுக்கைச் சட்டைக்குள்ளும் இருண்ட பட்டறைக்குள்ளும் இருந்தால் சார்ஜ் குறையும். நொடிமுள் ஒவ்வொரு நொடியும் நகராமல் இரண்டு இரண்டு நொடியாகத் தாவினால் வாட்ச் பசியில் இருக்கிறது என்று பொருள். வாரத்துக்கு ஒருநாள் ஜன்னலோரம் வைத்தால் போதும். வெல்டிங் வெளிச்சத்தில் சார்ஜ் ஏற்றலாம் என்று நினைத்து அருகில் காட்டாதீர்கள். சூடும் தெறிப்பும் கண்ணாடியைத்தான் கெடுக்கும்.

முள் வாட்சுக்கு ஒரு பலவீனம் பொது. டயலில் ஒட்டியிருக்கும் மணிக்குறிகள், முள்ளின் பிடிப்பு எல்லாம் சின்னச் சின்னப் பிடிமானத்தில் நிற்பவை. பலமான அடியில் ஒரு குறி கழன்று உள்ளே உருண்டால், முள் அதில் முட்டி நின்றுவிடும். இயந்திரம் கெட்டுவிட்டதாக நினைத்து வாட்சை மாற்றுபவர்கள் உண்டு. சாய்த்துப் பார்த்து உள்ளே ஏதாவது உருள்கிறதா என்று முதலில் பாருங்கள். குறிகள் அச்சடித்த டயலில் இந்தத் தொல்லை கிடையாது. பட்டறைக்கு அதுவே மேல்.

பேட்டரி முள் வாட்ச்

சோலாருக்குச் சொன்னது பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். விலை குறைவு, 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை செல் மாற்ற வேண்டும். கேசியோவின் எம்டிவி-106 போல 200 மீட்டர் நீர்புகாமையும் திருகும் சாவியும் கொண்டவை இதில் நல்ல பேரம். தவிர்க்க வேண்டியது 'பேஸ் மெட்டல்' உடல். மலிவான உலோகத்தின் மேல் குரோம் பூச்சு, பின்மூடி மட்டும் ஸ்டீல். வியர்வையில் பூச்சு உரிந்து, ஸ்ட்ராப் மாட்டும் காதுப்பகுதியில் குழி விழும். பின்மூடியில் உள்ள எழுத்து மூடியை மட்டும் குறிக்கிறதா, முழு உடலையும் குறிக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

ஆட்டோமேட்டிக்

சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையில் உள்ள 4ஆர்36 இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். முழுதாகச் சாவி ஏறினால் 41 மணி நேரம் ஓடும். ஒரு நாளைக்கு 45 நொடி வேகமாகவோ 35 நொடி தாமதமாகவோ போகலாம் என்பது கம்பெனி தரும் வரம்பு. குவார்ட்ஸ் வாட்ச் (பேட்டரியிலோ சோலாரிலோ ஓடுவது) ஒரு மாதத்தில் பிசகுவதைவிட இது ஒரே நாளில் அதிகம். நேரம் மட்டும் கணக்கென்றால் இங்கேயே பேச்சு முடிந்தது. ஆனால் ஆட்டோமேட்டிக்கை நேசிப்பவர்கள் நேரத்துக்காக வாங்குவதில்லை. அந்த நேசத்தை மதிக்கிறோம். அதனால்தான் பட்டறையில் அதற்கு என்ன நடக்கிறது என்று விவரமாகச் சொல்கிறோம்.

முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பாலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை, மயிரிழையைப் போல மெல்லியது. அதற்காகத்தான் சீக்கோவில் டயாஷாக், சுவிஸ் வாட்சுகளில் இன்கேப்ளாக் போன்ற ஸ்பிரிங் தாங்கிகள் வைக்கிறார்கள். ஐஎஸ்ஓ 1413 என்ற அதிர்ச்சித் தரம் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கடினமான மரத்தளத்தில் விழுவதற்குச் சமமான அடியைச் சோதிக்கிறது. அது ஒற்றை அடிக்கான சோதனை. சுத்தியல் டிரில், இம்பாக்ட் ரெஞ்ச், ஆங்கிள் கிரைண்டர் தருவது ஓயாத நடுக்கம். தாங்கி அதில் உடையாது. ஆனால் தானே சாவி ஏற்றும் அரைவட்ட எடையின் பேரிங் தேயும், சிறு திருகுகள் மெல்ல இளகும். எடையைப் பிடித்திருக்கும் திருகு இளகினால் கையை அசைக்கும்போது உள்ளே கரகரவென்று உலோகம் உரசும் ஒலி வரும். அந்த ஒலி கேட்ட நாளே கழற்றி ரிப்பேருக்குக் கொடுத்துவிட வேண்டும். கட்டிக்கொண்டே இருந்தால் உரசிய உலோகத்தூள் எல்லாப் பற்சக்கரத்துக்கும் போகும்.

அடுத்தது காந்தம். பட்டறையில் காந்தம் இல்லாத மூலை கிடையாது: நட்டு போடும் காந்தத் தட்டு, வெல்டிங் மூலைக் காந்தம், டயல் கேஜ் நிற்கும் காந்த அடி, மேக்னெடிக் சக், ஸ்பீக்கர். ஐஎஸ்ஓ 764 என்ற காந்த எதிர்ப்புத் தரம் மீட்டருக்கு 4800 ஆம்பியர் வரை கேட்கிறது. வீட்டுப் பொருட்களுக்கு அது போதும். காந்தத் தட்டின் மேல் நேரடியாக வைத்தால் போதாது. பாலன்ஸ் சக்கரத்தோடு சேர்ந்த மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் காந்தமேறி, அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் நீளம் குறைந்தது போலாகி வாட்ச் நாளுக்குப் பல நிமிடங்கள் வேகமாக ஓடும். நேற்றுவரை சரியாக ஓடியது திடீரென்று முந்துகிறதென்றால் முதல் சந்தேகம் காந்தம். காந்தம் நீக்கும் கருவியில் சில நொடியில் சரியாகிவிடும், ஓவர்ஹால் தேவையில்லை. முள் குவார்ட்ஸ் வாட்ச் காந்தத்தின் அருகில் நின்றுபோகும், விலக்கினால் மறுபடி ஓடும், நேரத்தை மட்டும் திருத்த வேண்டும். டிஜிட்டலில் அசையும் உறுப்பே இல்லை. அதற்குக் கவலையும் இல்லை.

கண்ணாடி

மூன்று வகை. அக்ரிலிக் மென்மையானது, சீக்கிரம் கீறும், ஆனால் சில்லாக நொறுங்காது. மேலோட்டமான கீறலை பாலிஷ் பேஸ்ட் தொட்டு ஐந்து நிமிடம் தேய்த்தால் மறையும். அசிட்டோன் பட்டால் வெண்மை பூத்துவிடும். மினரல் கண்ணாடி நடுத்தரம். கீறல் விழுந்தால் வீட்டில் எடுப்பது கஷ்டம், மாற்றுவது மலிவு. கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் சஃபையர் 9. மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. அதனால் மண், தூசி, ஸ்டீல் எதுவும் சஃபையரைக் கீறாது.

ஆனால் பட்டறைக்கு சஃபையர் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது தவறு. கிரைண்டிங் சக்கரத்திலும் உப்புத்தாளிலும் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. சஃபையரும் அதே பொருள்தான். சிலிக்கான் கார்பைடு அதைவிடக் கடினம். தன்னைப் போன்றதோடு உரசினால் சஃபையரும் கீறும். கூர்மையான முனையில் பலமாக இடித்தால் நொறுங்கவும் செய்யும், அந்தச் சில்லுகள் டயலுக்கும் முள்ளுக்கும் நடுவில் புகுந்துவிடும்.

கிரைண்டர் பொறி வேறு விதமான எதிரி. பொறி என்பது எரியும் இரும்புத்துகள். மினரல் கண்ணாடியில் பட்டதும் அந்த இடத்தை உருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். முதலில் பழுப்புப் புள்ளியாகத் தெரியும், துடைத்தால் போகாது, நகத்தால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். ஜன்னல் கண்ணாடி அருகில் இரும்பு அறுத்தவர்களுக்கு இந்தப் புள்ளிகள் பழக்கமானவை. இதற்கு வாட்சில் மருந்து கிடையாது. சட்டைக் கையை இறக்கிவிட்டு மூடுவது, அல்லது முகத்தை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டுவது மட்டும்தான் வழி. உட்பக்கம் கட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு: கருவியைப் பிடித்தபடியே நேரம் பார்க்கலாம், வைஸ் கைப்பிடியிலும் கதவு நிலையிலும் இடிக்காது. எழுதும்போதும் மேசையில் கை வைக்கும்போதும் உரசும் என்பது மட்டும் தொல்லை.

ஸ்ட்ராப்

இதற்கு இவ்வளவு இடம் தருவது அதிகமில்லை. வாட்ச் தொலைவது பெரும்பாலும் ஸ்ட்ராப் வழியாகத்தான்.

லெதர் வேண்டாம். வியர்வையும் எண்ணெயும் ஊறி நாறும், தையல் இற்றுப்போகும். ஸ்டீல் செயின் வெளியில் அழகு, பட்டறையில் கை முடியைப் பிடுங்கும், இரும்புத்தூள் இடுக்குகளில் ஏறித் துருப்போல் கறை காட்டும், மின்சார ஆபத்தையும் பார்த்தோம். சிலிக்கான் மென்மை, ஆனால் தூசியையும் மரத்தூளையும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும், பெட்ரோல் பட்டால் உப்பும். நைலான் காயும், கழுவலாம், ஆனால் வெல்டிங் தெறிப்பில் உருகித் தோலோடு ஒட்டும். எல்லாவற்றையும் ஒப்பிட்டால் பாலியூரித்தேன் ரெசின், அல்லது எண்ணெய்க்கு ஈடுகொடுக்கும் எஃப்கேஎம் ரப்பர் நல்லது. எஃப்கேஎம் விலை கூட. ஆனால் எஞ்சின் ஆயில், பெட்ரோலுக்கு நன்றாகத் தாங்குகிறது. அசிட்டோனுக்கு மட்டும் அதுவும் தோற்கும்.

வாங்கும் முன் காது அகலத்தைக் கவனியுங்கள். 18, 20, 22 மி.மீ. என்று முழு அளவில் இருந்தால் எந்த ஸ்ட்ராப்பும் பொருந்தும். உடலோடு ஒட்டி வார்த்த வடிவம் என்றால் அதே கம்பெனி ஸ்ட்ராப் கிடைக்கும்வரைதான் வாட்சுக்கு ஆயுள். ஸ்பிரிங் பார் சாதாரணமாக 1.5 மி.மீ. தடிமன்; சீக்கோ டைவர் வகைகளில் 2.5 மி.மீ. இருக்கும், அது எளிதில் வளையாது. ஸ்ட்ராப் மாற்றும் ஒவ்வொரு முறையும் பாரைக் கழற்றி இரு முனையையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் திரும்பி வராமல் ஒட்டிக்கொண்டால், உள்ளே துரு. தூக்கிப்போட்டுவிட்டுப் புது ஜோடி போடுங்கள். பாரை மாட்டியபின் ஸ்ட்ராப்பைப் பிடித்து இரு பக்கமும் நெம்பி இழுத்து, முனை துளைக்குள் 'டிக்' என்று உட்கார்ந்ததை உறுதிசெய்யுங்கள்.

தண்ணீர், கூலன்ட், வியர்வை

30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று பொருளல்ல. அது அசையாத நீரின் அழுத்தத்தில் புதிய ரப்பர் வளையத்தோடு செய்த சோதனை. நடைமுறையில் 30 மீட்டர் மழைக்கும் கை கழுவவும், 50 மீட்டர் சற்றே மேல், 100 மீட்டர் நீச்சலுக்கு. பட்டறைக்கு 100 மீட்டருக்குக் குறைந்து எடுக்காதீர்கள். பிரஷர் வாஷர் பீய்ச்சலை எந்த எண்ணும் தாங்குவதாக நினைக்காதீர்கள். ஒரே புள்ளியில் பாயும் அந்த வேகத்துக்கு ரப்பர் வளையம் வடிவமைக்கப்படவில்லை.

வெந்நீரும் சோப்பும் சேர்ந்தால் ரப்பர் சீக்கிரம் கெடும். வெல்டிங் முடித்த சூட்டோடு குளிர்ந்த நீரில் கையை விட்டால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி ஈரத்தை உறிஞ்சும். கொஞ்சம் ஆறவிட்டுக் கழுவுங்கள். திருகும் சாவி உள்ள வாட்சில் தேதி மாற்றியபின் சாவியைத் திருகி மூட மறப்பது பெரிய தவறு. திறந்த சாவியோடு 200 மீட்டர் வாட்சும் தெறிப்பு நீருக்குத்தான் லாயக்கு.

எந்த வேலைக்கு எது

வண்டி மெக்கானிக்குக்கு ரெசின் டிஜிட்டல், வேறு யோசனை வேண்டாம்: பேட்டரி முனை, பிரேக் கிளீனர், இடி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எலக்ட்ரீஷியனுக்கும் அதுவே. லேத், மில்லிங் ஆட்களுக்கு வாட்ச் பெரும்பாலும் ஆணியில்தான் தொங்கும். எனவே தூரத்திலிருந்து படிக்கக்கூடிய பெரிய முள்ளுள்ள சோலார் நல்லது, கூலன்டுக்கு 200 மீட்டர் இருக்கட்டும். வெல்டர் எதைக் கட்டினாலும் கண்ணாடி போகும். மலிவான மினரல் கண்ணாடி, கூடு மாற்றக்கூடிய உடல் என்று எடுத்து, கண்ணாடியைத் தேய்மானப் பொருளாக நினைத்துக்கொள்ள வேண்டும். தச்சருக்கு எடை குறைந்தது எதுவும் சரி, சுற்றும் விளிம்பு உள்ள டைவர் வகை மட்டும் மரத்தூளில் இறுகும். நகை, கடிகாரம், எலக்ட்ரானிக்ஸ் போல நுட்ப வேலை செய்பவருக்குத்தான் ஆட்டோமேட்டிக் பட்டறைக்குள்ளேயே கட்டும் சுதந்திரம் இருக்கிறது, காந்தத்தை மட்டும் கவனித்தால்.

டைட்டானியம் கேட்பவர்களுக்கு: ஸ்டீலைவிட ஏறக்குறைய பாதி எடை, நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு நிம்மதி. ஆனால் கலப்பில்லாத டைட்டானியம் ஸ்டீலைவிடச் சீக்கிரம் கீறும். மேற்பரப்பைக் கடினப்படுத்திய வகை கிடைத்தால் எடுங்கள். கறுப்புப் பூச்சு போட்ட ஸ்டீல் பட்டறையில் ஓரங்களில் வெளுக்கும், அது கெடுதலல்ல, அழகு மட்டும்தான் போகும்.

வாங்கிய பிறகு

வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சோப்பு, பழைய பல்துலக்கி, இவை போதும். பொத்தான் ஓரங்களில் எண்ணெயும் தூசியும் வியர்வையும் சேர்ந்து களிம்பாகும். பொத்தான் அமுங்கித் திரும்ப வராமல் நிற்பது அதனால்தான். தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும் பொத்தானை அமுக்காதீர்கள். பெட்ரோலில் துடைத்தால் பளிச்சென்று இருக்கும். அது ரப்பரின் ஆயுளைத் தின்று வரும் பளபளப்பு.

டிஜிட்டலில் செல் மாற்றும்போது பின்மூடியின் நான்கு திருகுகளையும் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் ரப்பர் வளையம் ஒரு பக்கம் பிதுங்கும். வளையத்தை எடுத்துத் துடைத்து, விரல் நுனியில் சிலிக்கான் கிரீஸ் தொட்டு பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். வளையம் தட்டையாகி விறைத்திருந்தால் கிரீஸ் காப்பாற்றாது, மாற்றுங்கள். கேசியோ டிஜிட்டல்களில் புது செல் போட்டபின் திரை உயிர் பெறவில்லையென்றால், உள்ளே 'ஏசி' என்று எழுதிய புள்ளியையும் செல்லின் பாசிட்டிவ் பக்கத்தையும் உலோக இடுக்கியால் ஓரிரு நொடி ஒன்றாகத் தொட்டால் எழுந்துவிடும். செத்த செல்லை உள்ளேயே விட்டு அலமாரியில் வைப்பதால்தான் கசிவு வருகிறது. கட்டாத வாட்சிலிருந்து செல்லை எடுத்துவிடுங்கள்.

உள்ளே ஈரம் புகுந்ததா என்று சந்தேகம் வந்தால் ஆவிச் சோதனை செய்து பார்க்கலாம். வாட்சை 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாகச் சூடேற்றி, கண்ணாடியின் நடுவில் 20 டிகிரி அளவிலான தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில் உட்பக்கம் பனிபோல் படிந்திருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. வெயிலில் வைத்துக் காயவைத்தால் பனி மறையும், ஈரம் போகாது. முள் வாட்ச் என்றால் சாவியை இழுத்துவிட்டு, அன்றைக்கே பின்மூடியைத் திறக்கக்கூடியவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டு நாள் தள்ளினால் முள்ளின் அச்சில் துரு பிடிக்க ஆரம்பித்துவிடும்.